டிராக் குயின்: ஒரு பெயரும் அது பல மொழிகளில் எடுத்த வடிவங்களும்

‘டிராக் குயின்’ என்ற ஆங்கிலப் பெயரை அகராதியை மட்டும் நம்பிச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘இழுவை ராணி’ என்றுதான் வரும். இயந்திர மொழிபெயர்ப்பில் இப்படிப்பட்ட விநோதங்கள் அரிதல்ல. படிப்பவருக்கு எதை இழுக்கிறார்கள் என்பதும் விளங்காது, யாருக்கு ராணி என்பதும் விளங்காது. இன்னொரு பக்கம், அதே சொல்லைச் சட்டென்று ‘திருநங்கை’ என்று எழுதிவிடும் வழக்கமும் இருக்கிறது. முதல் மொழிபெயர்ப்பு பொருளே இல்லாதது. இரண்டாவது, பொருள் இருப்பதுபோல் தோன்றித் தவறான பொருளைத் தருவது. இவற்றுள் இரண்டாவதே கூடுதல் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கலையின் பெயரை ஒரு மக்கள் பிரிவின் பெயராக மாற்றிவிடும்போது, அந்தக் கலையும் விளங்காமல் போகிறது, அந்த மக்களைப் பற்றியும் பிழையான எண்ணம் பரவுகிறது. ஆகவே இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, மற்ற மொழிகள் இதை எப்படி ஏற்றுக்கொண்டன, தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

முதலில் பொருள். பெண்மையின் தோற்றத்தையும் நடையையும் பேச்சையும் வேண்டுமென்றே பெரிதாக்கி, ஒப்பனை, பொய்முடி, ஆடை, அணிகலன் ஆகியவற்றின் துணையோடு, தமக்கென ஒரு மேடைப் பெயரையும் ஒரு குணச்சித்திரத்தையும் உருவாக்கிக்கொண்டு, பார்வையாளர் முன் ஆடியும் பாடியும் பாட்டுக்கு வாயசைத்தும் நகைச்சுவையாகப் பேசியும் நிகழ்ச்சி நடத்தும் கலைஞரே டிராக் குயின். மேற்கு நாடுகளில் இக்கலையில் ஈடுபட்டவர்களுள் பெரும்பாலோர் ஒருபாலீர்ப்பு கொண்ட ஆண்கள். ஆயினும் திருநங்கையரும், பிறப்பிலேயே பெண்ணாக இருப்பவர்களும், தம்மை இரண்டு பாலிலும் சேர்த்துக்கொள்ளாதவர்களும் இம்மேடையில் இருக்கிறார்கள். எனவே ‘பெண் வேடமிட்ட ஆண்’ என்ற வழக்கமான விளக்கம்கூட முழுமையானதன்று. ஒருவர் மேடையில் என்ன செய்கிறார் என்பதைக் குறிக்கும் பெயர் இது. அவர் யார் என்பதை இது சொல்வதில்லை. திருநங்கை என்பவர் பெண்ணாக வாழ்பவர். அவர் உடுத்தும் புடவை அவருடைய உடையே தவிர வேடமன்று, அவருடைய பெயர் அவருடைய பெயரே தவிர மேடைப் பெயரன்று. டிராக் குயினோ நிகழ்ச்சி முடிந்ததும் பொய்முடியைக் கழற்றித் தாங்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். ஒருவரே இரண்டுமாக இருக்கலாம் என்பது உண்மை. அதனால் இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆசிரியர் ஒருவர் பாடகராகவும் இருக்கலாம் என்பதால் ஆசிரியர் என்ற சொல்லுக்குப் பாடகர் என்று பொருள் எழுத மாட்டோம் அல்லவா?

‘டிராக்’ என்ற பாதி

ஆங்கிலத்தில் இழுத்தல், தரையோடு இழுபடுதல் என்ற பொருளில் ‘டிராக்’ மிகப் பழைய சொல். அது ஆண்கள் அணியும் பெண்ணுடையைக் குறித்தது எப்போது என்று தேடினால், நம்மை லண்டனுக்கு, 1870ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்லும் ஒரு வழக்கில் நல்ல சான்றுகள் கிடைக்கின்றன. அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இரவு, ஸ்டிராண்ட் நாடக அரங்குக்குப் பெண்ணுடையில் வந்திருந்த எர்னெஸ்ட் போல்ட்டன், ஃபிரெடரிக் பார்க் என்ற இரு இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. நண்பர் வட்டத்தில் அவர்களுக்கு முறையே ஸ்டெல்லா, ஃபேனி என்று பெயர். இருவரும் தனியார் நாடகங்களில் பெண் பாத்திரம் ஏற்று நடித்தவர்கள். போல்ட்டனின் குரலும் நடிப்பும் பாராட்டுப் பெற்றிருந்தன. மறுநாள் காலை, முந்தைய இரவு அணிந்திருந்த அதே கவுன்களோடு அவர்களை ‘போ’ என்ற பெயருடைய தெருவிலிருந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. அவர்களுடைய கடிதங்களைக் கைப்பற்றி நீதிமன்றத்தில் படித்தார்கள். நாளிதழ்கள் நாள்தோறும் அச்செய்திகளை வெளியிட்டன. அந்தக் கடிதங்களிலும் செய்திகளிலும்தான் ‘டிராக்’ என்ற சொல், நாடகக்காரர்களின் உள்வட்டப் பேச்சிலிருந்து வெளியே வந்து, அதுவரை அதைக் கேட்டிராத வாசகரின் கண்ணில் பட்டது. 1871 மே மாதத்தில் விசாரணை முடிந்தபோது, நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குள் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. பெண்ணுடை அணிந்ததைத் தவிர வேறெதையும் அரசுத் தரப்பால் மெய்ப்பிக்க முடியவில்லை. ஒருவரை அவமானப்படுத்துவதற்காக நடந்த வழக்கு ஒரு சொல்லை அகராதிக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் வியப்பும் ஒருங்கே எழுகின்றன.

உடைக்கு ஏன் ‘டிராக்’ என்று பெயர் வந்தது? அக்காலத்துச் சீமாட்டிகளின் கவுன் பின்னால் நீண்டு தரையில் புரண்டு வரும். காற்சட்டைக்குப் பழகிய ஆண் நடிகருக்கு அந்தத் துணியை இழுத்துக்கொண்டு நடப்பது புது அனுபவம். அந்த இழுபாட்டையே உடைக்குப் பெயராக வைத்தார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ‘டிரோகன்’ என்றால் உடுத்துதல், சுமத்தல்; ஜெர்மன் மொழியில் ‘டிராகன்’ என்றாலும் அதே பொருள்; அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இந்த ஜெர்மன் சொல்லும் ஆங்கில ‘டிராக்’கும் பண்டைய ஜெர்மானிய மொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்று இழுத்தல் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது, மற்றொன்று சுமத்தல், உடுத்தல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆகவே எந்த விளக்கத்தை ஏற்றாலும் அடியில் இருக்கும் வேர் ஒன்றே.

இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் மூன்றாவது விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகப் பிரதிகளில், பையன்கள் நடிக்க வேண்டிய பெண் பாத்திரங்களின் ஓரத்தில் ‘பெண்ணைப்போல் உடுத்தியவர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டிராக்’ என்று குறித்து வைத்தார்கள் என்பது அந்தக் கதை. 1660 வரை ஆங்கில மேடையில் பெண் பாத்திரங்களைப் பையன்களும் இளைஞர்களுமே ஏற்றார்கள் என்பது வரலாறு. ஆனால் அத்தகைய குறிப்பு எந்தப் பழம் பிரதியிலும் இல்லை. முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் பழக்கமே பெரிதும் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. கேட்க அழகாக இருக்கும் சொற்பிறப்புக் கதைகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கட்டப்பட்டவை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘குயின்’ என்ற பாதி

இந்தப் பாதியின் கதை இன்னும் ஆழமானது. பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று உறவான இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, அரசி, உயர்குடி மனைவி என்ற பொருள் கொண்டது; அதுவே இன்றைய ‘குயின்’. மற்றொன்று, வெறுமனே பெண் என்ற பொருள் கொண்டிருந்து, காலப்போக்கில் ஏவல் செய்பவள், நாணமற்றவள், விலைமகள் என்று படிப்படியாகத் தாழ்ந்தது. எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இருந்தாலும் உச்சரிப்பில் அவை நெருங்கி, பிறகு ஒன்றாகவே ஆகிவிட்டன. தேவரடியார் என்ற மதிப்பான கோயிற்பெயர் தமிழில் பின்னாளில் எந்த இழிசொல்லாகச் சிதைந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, பெண்ணைக் குறிக்கும் சொற்கள் இப்படிச் சரிவது புதிதல்ல. பெண்மைச் சாயல் கொண்ட ஆண்களை இழித்துரைக்க இந்தத் தாழ்ந்த சொல்லைப் பயன்படுத்தியவர்கள், ஓசையில் அது அரசியாகவும் ஒலிக்கும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இழிக்கப்பட்டவர்களோ அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு அரசியாகவே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அரச குலப் பெயர்களைச் சூடிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் அதற்கும் முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இத்தகைய ஆண்கள் கூடும் விடுதிகள் இருந்தன. 1732இல் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் தம் உடைகள் பறிக்கப்பட்டதாக முறையிட்ட ஜான் கூப்பர் என்பவரை, அக்கம்பக்கத்துப் பெண்கள் சாட்சி சொல்லும்போது ‘இளவரசி செராஃபினா’ என்றே குறிப்பிட்டார்கள். ‘அவள்’ என்றே பேசினார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். ஆனாலும் அந்தச் சாட்சியங்கள் பதிவேட்டில் இருப்பதால், பெண்ணுடையில் நடன விருந்துகளுக்குப் போய்வந்த ஒருவரை அவருடைய தெருவே இயல்பாக ஏற்றுக்கொண்டிருந்தது என்பதை இன்று நாம் அறிய முடிகிறது.

‘குயின்’ என்ற சொல்லின் வேர் ஐரோப்பாவோடு நிற்பதில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் பெண்ணைக் குறித்த ஒரு தொல்சொல்லின் வழிவந்தவை ஆங்கிலக் ‘குயின்’, கிரேக்கக் ‘குனே’, பாரசீக ‘ஸன்’ ஆகியவை. மகளிர் மருத்துவரை நாம் ‘கைனகாலஜிஸ்ட்’ என்று சொல்கிறோமே, அதன் முற்பாதி அந்தக் கிரேக்கச் சொல்லே. அந்தப்புரத்தைக் குறிக்கும் ‘ஜெனானா’ அந்தப் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியின் மரபு நாடகங்களிலும் நிழற்பாவைக் கூத்திலும் பெண் பாத்திரத்துக்கும், அதை ஏற்கும் ஆணுக்கும் ‘ஸென்னே’ என்று பெயர். பெண்ணுடையில் ஆடும் ஆண் நடனக் கலைஞரையும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஆக, ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரண்டு மேடைகள், ஒரே தொல்வேரிலிருந்து தங்கள் கலைஞருக்குப் பெயர் எடுத்திருக்கின்றன.

இரண்டு பாதிகளும் சேர்ந்த கதை

‘டிராக்’, ‘குயின்’ இரண்டும் ஒரே மனிதரைச் சுற்றி வந்து சேர்ந்ததை அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் காண்கிறோம். வில்லியம் டோர்சி ஸ்வான் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1880களிலும் 1890களிலும் அவர் வாஷிங்டனில் தம்மைப் போன்ற கறுப்பின ஆண்களுக்காகப் பெண்ணுடை நடன விருந்துகளை நடத்தினார். வந்தவர்களுள் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். அந்தக் கூட்டத்துக்கு அவரே ‘குயின்’. 1888 ஏப்ரல் 12ஆம் நாள் காவலர்கள் உள்ளே புகுந்தபோது பட்டுக் கவுன் அணிந்திருந்த ஸ்வான், மற்றவர்கள் தப்பியோடட்டும் என்று கதவருகே அவர்களோடு மல்லுக்கு நின்றார். 1896இல் ‘ஒழுங்கற்ற விடுதி’, அதாவது விபசார விடுதி, நடத்தியதாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டி அவருக்குப் பத்து மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மன்னிப்பு வேண்டி அவர் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்துக்கே விண்ணப்பம் அனுப்பினார், அது மறுக்கப்பட்டது. தம் மக்கள் கூடிக் களிக்கும் உரிமைக்காக அமெரிக்காவில் சட்டத்தின் கதவைத் தட்டிய முதல் மனிதர்களுள் ஒருவராக அவரை இன்று வரலாற்றாசிரியர்கள் போற்றுகிறார்கள். இந்தப் பெயரின் வரலாற்றில் நான் ஒருவரை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ஸ்வானைத்தான் சொல்வேன்.

ஆயினும் ‘டிராக் குயின்’ என்ற கூட்டுச்சொல் அச்சில் நிலைபெற 1940களின் தொடக்கம் ஆகிவிட்டது. அதற்கு முன் அமெரிக்க வணிக மேடையில் மதிப்போடு வழங்கிய பெயர், பெண்ணைப் போல் நடித்துக் காட்டுபவர் என்ற பொருள்படும் ‘ஃபீமேல் இம்பர்சனேட்டர்’. அவர்களுள் புகழ்பெற்றவர் ஜூலியன் எல்டிஞ்ச். 1912இல் நியூயார்க்கின் 42ஆம் தெருவில் ஒரு நாடக அரங்கே அவர் பெயரில் திறக்கப்பட்டது. மேடையில் நிற்பவர் பெண்ணே என்று பார்வையாளர் நம்ப வேண்டும், இறுதியில் பொய்முடியை எடுத்ததும் வியப்பில் ஆழ வேண்டும் என்பது அவருடைய கலையின் இலக்கணம். டிராக் குயினின் இலக்கணம் அப்படியன்று. கண்ணிமை மேல் விசிறிபோல் விரியும் பொய்யிமையும், கூரையைத் தொடும் கூந்தலும், மின்னும் ஆடையும் எவரையும் ஏமாற்றுவதற்காக அணியப்படுபவையல்ல. இது வேடம் என்பதைப் பார்வையாளரும் கலைஞரும் சேர்ந்தே அறிந்திருக்கிறார்கள், அந்த அறிவில்தான் மகிழ்ச்சியே இருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் கலைவிமரிசனம் அன்று. சட்டத்தின் முன்னும் அது நின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரில் எதிர்ப்பாலார் உடையில் பொது இடத்துக்கு வருவதைத் தடுக்கும் விதி 1863 முதல் 1974 வரை நீடித்தது. பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு வேடமிட்டதாகச் சொல்லி அங்கே காவலர்கள் கைது செய்துவந்தார்கள். பிளாக் கேட் என்ற மதுக்கூடத்தில் பாடிய ஹோசே சர்ரியா அதற்கு ஒரு வழி கண்டார். ‘நான் ஒரு பையன்’ என்று எழுதிய துண்டுச் சீட்டைத் தம் தோழர்களின் உடைகளில் குத்திக்கொள்ளச் செய்தார். உண்மையை நெஞ்சிலேயே குத்திக்கொண்டு நிற்பவர் யாரை ஏமாற்றுகிறார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் இல்லாமல் போனது. அதே சர்ரியா 1961இல் நகர மேற்பார்வைக் குழுத் தேர்தலில் நின்றார். தம் ஒருபாலீர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப்பதவிக்குப் போட்டியிட்ட முதல் வேட்பாளர் அவரே. வெற்றி கிட்டவில்லை என்றாலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. பிறகு 2009இல் ரூபால் என்ற கலைஞர் தொடங்கிய தொலைக்காட்சிப் போட்டி பல நாடுகளில் பல பதிப்புகளாகப் பெருகியபோது, ‘டிராக் குயின்’ என்ற ஆங்கிலப் பெயரும் அதனோடு உலகம் சுற்றத் தொடங்கியது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஏற்கெனவே வேறு பெயர்கள் இருந்தன.

மற்ற மொழிகள் எதைப் பார்த்தன?

லத்தீன் வழிவந்த மொழிகள் முதலில் உடையைப் பார்த்தன. இத்தாலிய ‘டிராவெஸ்டீரே’ என்றால் உடையை மாற்றி அணிதல். அதிலிருந்து பிரெஞ்சில் ‘டிராவெஸ்டி’ வந்தது. பாரிஸின் காபரே என்னும் ஆடல்பாடல் கேளிக்கை அரங்குகளில் பெண் வேடக் கலைஞருக்கு நெடுங்காலம் அதுவே பெயர். ஒன்றை உருக்குலைத்துக் கேலியாக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனபோது ‘டிராவெஸ்டி’ என்ற சொல் தன் பொருளையே மாற்றிக்கொண்டது. அங்கே அது, ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் ஒரு சமூகத்தின் பெயர். வசையாக எறியப்பட்ட அப்பெயரை அவர்களே அரசியல் உறுதியோடு தம் பெயராக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். போர்த்துகீசிய நாளிதழில் ‘டிராவெஸ்டி’ என்று கண்டதும் டிராக் குயின் என்று பெயர்ப்பவர், நாம் தொடக்கத்தில் பார்த்த ‘திருநங்கை’ப் பிழையை மறுதலையாகச் செய்கிறார்.

மேடைக் கலைஞருக்கு ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளில் வழங்கிய மரபுப் பெயர் ‘டிரான்ஸ்ஃபார்மிஸ்டா’, அதாவது உருமாறுபவர். இத்தாலியில் அந்தச் சொல்லைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனவர், 1867இல் ரோமில் பிறந்த லியோபோல்டோ ஃபிரெகோலி. திரைக்குப் பின்னால் சில நொடிகள் மறைந்து கிழவராகவும் பாடகியாகவும் படைவீரராகவும் மாறி மாறி வெளிவந்து, ஒரே ஆளாக ஒரு நாடகத்தையே நடத்தியவர் அவர். அறிமுகமில்லாத பலரும் உண்மையில் வேடம் மாறிவரும் ஒரே ஆள்தான் என்று நம்பும் அரிய மனநோய்க்கு மருத்துவர்கள் அவர் பெயரையே வைத்தார்கள் என்றால் அவருடைய புகழை ஊகித்துக்கொள்ளலாம். அந்த உருமாற்றக் கலையில் பெண் வேடம் ஒரு பகுதி மட்டுமே. காலப்போக்கில் பகுதியே முழுப்பொருளாகிவிட்டது. இன்று ஸ்பெயினில் பழைய சொல் பின்வாங்கி, ஆங்கிலச் சொல்லே முன்னுக்கு நிற்கிறது. கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் நகரத் திருவிழாவில் 1998 முதல் டிராக் குயின் போட்டி நடக்கிறது. அங்கே கட்டடம்போல் உயர்ந்த அடித்தட்டுக் காலணிகளை அணிந்துகொண்டு ஆடுவது தனி மரபாகவே வளர்ந்துவிட்டது.

ஜெர்மன் மொழியில் இரண்டு தடங்கள் உள்ளன. காபரே மேடையில் கண்ணியமாக வழங்கும் பெயர் ‘டிராவெஸ்டிக் கலைஞர்’. தெருவில் வசையாக வழங்கியது ‘டுண்டே’. பெண்தன்மை கொண்ட ஆணை ஏளனம் செய்யும் சொல். 1973இல் மேற்கு பெர்லினில் நடந்த ஒருபாலீர்ப்பாளர் ஊர்வலத்தில் சிலர் பெண்ணுடையில் நடந்தார்கள். இது நம் இயக்கத்துக்கு அவப்பெயர் தரும் என்று தோழர்களுள் ஒரு சாரார் சினந்தார்கள். எங்களை மறைத்துவிட்டு வெல்லும் விடுதலை எவருக்கு என்று மறுசாரார் கேட்டார்கள். ‘டுண்டே பூசல்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்ற அந்த விவாதத்துக்குப் பின், அச்சொல்லைத் தம் பெயராகப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் கலைஞர்கள் உருவானார்கள். லண்டனில் இழிசொல் அரசியானதைப் போன்றதே இதுவும். மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910இல் லத்தீன் வேர்களைக் கொண்டு ஆக்கிய ‘டிரான்ஸ்வெஸ்டைட்’ என்ற சொல் மட்டும் மருத்துவ ஏடுகளின் வாடையை இன்றுவரை விடவில்லை. கலைஞர்கள் அதை விரும்புவதில்லை.

ஜப்பானில் 1629இல் பெண்கள் கபுகி மேடையேறுவதை ஆட்சியாளர்கள் தடை செய்தார்கள். அதன் பின் பெண் பாத்திரங்களை ஏற்ற ஆண் நடிகர்களுக்கு ‘ஒன்னகாதா’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி பெற்று இன்றும் தொடரும் உயர்ந்த செவ்வியல் கலை அது. சீன இசைநாடகத்தில் இதே இடத்தில் இருந்தவர்கள் ‘நான்தான்’ எனப்பட்ட ஆண் நடிகர்கள். மெய் லான்ஃபாங் என்ற மாபெரும் கலைஞர் 1930இல் அமெரிக்காவுக்கே சென்று ஆடிக் காட்டினார். இரண்டு மொழிகளும் இந்தப் பழம்பெயர்களை டிராக் குயினுக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீனர்கள், உடை மாற்றிய பேரரசி என்று பொருள்படும் புதுத்தொடர் ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். ஜப்பானியர் ஆங்கிலச் சொல்லையே தங்கள் எழுத்தில் எழுதினார்கள். ஆனால் போதைப்பொருளைக் குறிக்கும் ‘டிரக்’ என்ற சொல்லும் அவர்கள் எழுத்தில் கிட்டத்தட்ட அதே வடிவம் கொள்ளும் என்பதால், இடையில் ஒரு சிறிய அகர எழுத்தைச் சேர்த்து ‘டொரா-அ-கு’ என்று நீட்டி எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். ஒரே ஒரு சிற்றெழுத்து ஒரு கலையின் மானத்தைக் காத்து நிற்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானியரின் சிக்கல் நமக்கும் உண்டு. வல்லினத்துக்கு ஒரே எழுத்து என்பதால், ‘டிராக்’ என்று எழுதினால் ஓட்டப்பந்தயத் தடமாகவும் படிக்கலாம். முதல்முறை வரும்போது ஒரு சிறு விளக்கம் சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்மிடம் பழஞ்சொற்கள் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று பேடி. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடியது என்று இளங்கோவடிகள் அதை விளக்குகிறார். ஆனால் பேடி என்ற சொல் பிற்காலத்தில் கோழை என்ற வசையாகிவிட்டதால் அதை இன்று எவர்மீதும் சூட்ட முடியாது. தெருக்கூத்தில் ‘பெண் வேஷம்’ இருக்கிறது. நாடகக் கம்பெனிக் காலத்தில் பெண் பாத்திரம் ஏற்பவருக்கு ‘ஸ்திரீபார்ட்’ என்ற பெயர் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே வள்ளியாகவும் தமயந்தியாகவும் ஆடினார்கள். அந்த மரபில் வளர்ந்த தி.க.சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழால் ஔவை சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலை அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறது. மறுபுறம் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்து 1935இல் வெளிவந்த படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். ஆண்மையை மேடையில் புனைந்து காட்டும் பெண் கலைஞரை மேற்கில் ‘டிராக் கிங்’ என்கிறார்கள். சுந்தராம்பாளை அப்படி அழைப்பது பொருந்தாது.

ஏன் பொருந்தாது? கூத்திலும் கம்பெனி நாடகத்திலும் நடிகர் கதையிலுள்ள ஒரு பாத்திரத்துக்குள் தம்மைக் கரைத்துக்கொள்கிறார். வள்ளியாக ஆடுபவர் வள்ளியாகவே தெரிய வேண்டும். அந்த வள்ளியை அவர் படைக்கவில்லை. டிராக் குயினோ எந்தக் கதையிலும் இல்லாத ஒரு பெண்ணைத் தாமே படைத்து, பெயரிட்டு, ஆண்டுக்கணக்கில் அவளை வளர்த்து, அவளாகவே பார்வையாளரோடு நேருக்கு நேர் பேசுகிறார். ஒன்னகாதாவை டிராக் குயின் என்று ஜப்பானியர் சொல்லாததற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்திரீபார்ட் என்ற சொல்லிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. வடமொழியில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாக அதை ஒட்டவைத்த நாடகக்காரர்கள் அதற்காகத் தயங்கவில்லை. பஃபூன் என்ற ஆங்கிலச் சொல்லையும் பபூனாக்கிக் கொண்டவர்கள் அவர்கள். பிற்காலத்தில் பெண்களே மேடையேறியபோதும் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் என்ற பெயர் அப்படியே தொடர்ந்தது, ஏனெனில் அது ஆடுபவரின் பிறப்பைக் குறிக்கவில்லை, ஏற்கும் வேலையைக் குறித்தது.

எனவே ‘டிராக் குயின்’ என்றே தமிழெழுத்தில் எழுதி, முதல்முறை மட்டும் ‘மிகைப்படுத்திய பெண் வேடத்தில் நிகழ்ச்சி நடத்தும் மேடைக் கலைஞர்’ என்று விளக்கிவிடுவதே சரியான வழி என்று கருதுகிறேன். அவர் திருநங்கையாகவும் இருந்து, அதை அவரே சொல்லியிருந்தால், அதைத் தனியே குறிப்பிடலாம். அவனா அவளா என்ற கேள்வியும் உடனே எழும். ஆங்கில மேடையில் வேடத்தில் இருக்கும்போது ‘அவள்’ என்றும், வேடம் கலைந்த பின் அவரவர் விருப்பப்படியும் சொல்வது மரபு. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லிலேயே ஆணா பெண்ணா என்று தீர்மானித்தாக வேண்டியிருப்பதால், எழுதுபவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். தமிழில் மேடைக் கலைஞர் எவரையும் நாம் மரியாதையாக ‘அவர்’ என்றுதான் எழுதுகிறோம்; ‘வந்தார், ஆடினார், பொய்முடியைக் கழற்றினார்’ என்று எழுதும்போது, வேடத்தில் இருந்தவருக்கும் வேடம் கலைந்தவருக்கும் ஒரே வினைமுற்றே போதுமானதாக இருக்கிறது.